நாலு இஞ்ச் இல்லாத டேப்

ஜனவரி 2

இந்த டைரி ஜெகதீசன் கொடுத்தது. அவன் வேலை பார்க்கும் பம்ப் கம்பெனியில் வருஷா வருஷம் அடிக்கிற டைரி. அட்டையில் தண்ணீர் மோட்டார் படம். "அண்ணா, உங்களுக்குன்னு ஒண்ணு எடுத்து வெச்சேன்" என்று சிரித்துக்கொண்டே நீட்டினான். பிரித்துப் பார்த்தால் முதல் பக்கத்தில் என் பெயரை அவனே எழுதியிருக்கிறான். 'தண்டபாணி, நவமணி லேடீஸ் டெய்லர்ஸ், பூமார்க்கெட்.' கையெழுத்துகூட அச்சில் வார்த்த மாதிரி. வேண்டாம் என்று சொல்ல முடியுமா? வாங்கிக்கொண்டேன். காகிதம் வீணாகக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

ஜெகதீசன் என் சகலை. என் மனைவி ருக்மணியின் தங்கை அமுதாவைக் கட்டியவன். என்னைவிட எட்டு வயது சின்னவன். நான்தான் மூத்த மாப்பிள்ளை. ஆனாலும் மாமனார் வீட்டில் கறிவிருந்து என்றால் நல்லி எலும்பு அவன் இலைக்குத்தான் போகும். இருபத்திரண்டு வருஷமாகப் பார்க்கிறேன். எனக்குப் பொறாமை எல்லாம் கிடையாது. நல்லி எனக்குப் பிடிக்கவும் பிடிக்காது. இருக்கிறதை இருக்கிறபடி எழுதுகிறேன், அவ்வளவுதான்.

ஜனவரி 10

பொங்கல் ஜாக்கெட் இருபத்து மூன்று பாக்கி. வெட்டுவதும் தைப்பதும் நான். கொக்கி, காஜா, ஹெம்மிங் எல்லாம் ருக்மணி. விரல் மரத்துவிட்டது என்கிறாள்.

சாயந்திரம் வீட்டுக்காரர் வந்தார். சுக்கிரவார்பேட்டையில் நாங்கள் பத்தொன்பது வருஷமாகக் குடியிருக்கும் வீட்டை இடித்துவிட்டுக் கடை கட்டப்போகிறாராம். "ஆனி முடியறதுக்குள்ள பாத்துக்கங்க தண்டபாணி. ஆடியில யாரும் வீடு மாறமாட்டாங்கல்ல" என்று எனக்காகக் கவலைப்படுகிறவர் போலச் சொன்னார். ருக்மணி அவருக்குக் காபி கொடுத்தாள். அவர் படியிறங்கிய பிறகு அடுப்படியில் போய் நின்று அழுதாள். இது எங்களுக்கு நாலாவது வாடகை வீடு. "ஒரு ஆணி அடிக்கோணும்னாலும் கேட்டுட்டு அடிக்கற பொழப்பு" என்றாள். நான் டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு கடைக்குப் போய்விட்டேன்.

ஜனவரி 17

பொங்கல் முடிந்து மாமனார் வீட்டில் கரிநாள் விருந்து. நல்லி அவன் இலைக்கு. அது கிடக்கட்டும்.

கை கழுவுகிற இடத்தில் ஜெகதீசன் செல்போனை நீட்டி ஒரு படம் காட்டினான். தொண்டாமுத்தூர் ரோட்டில் 'வெண்முகில் சிட்டி' என்று புதிதாகக் கட்டுகிறார்களாம். பூங்கா, பள்ளிக்கூடம், கடைத்தெரு எல்லாம் உள்ளேயே. "நம்ம வீடு நாலாவது மாடிங்ணா, நாலு ஏ. பால்கனில நின்னா மருதமலை அப்படியே தெரியும். ஒரு நாளு வந்து பாருங்க."

நம்ம வீடாம்! இந்த ஊரில் எல்லோரும் இப்படித்தான். 'எங்க வீடு' என்று சொன்னால் மரியாதைக் குறைச்சல், 'நம்ம வீடு' என்பார்கள். பத்து நாள் போய்த் தங்கிப் பார்த்தால் தெரியும் அது யார் வீடு என்று.

"ரொம்ப சந்தோசம் ஜெகதீசு" என்றேன். வீட்டுக்கு வந்து ஓமத் தண்ணீர் குடித்தேன். சாப்பாடு செரிக்கவில்லை.

ஜனவரி 19

காலையில் இட்லி வைக்கும்போது ருக்மணி மெதுவாக ஆரம்பித்தாள். "நாமளும் அங்கயே ஒண்ணு பாக்கலாமுங்களா? பேங்குல லோன் தர்றாங்களாமா. நம்ம புள்ளயும் ஓசூர்ல வேலைக்குப் போறா, ஏதாச்சும் செய்யறேங்கறா."

"அவன் பின்னாலயே வால் புடிச்சுட்டுப் போயி நானும் வாங்கினேன்னு ஊரு சொல்றதுக்கா?"

"ஊருக்கு வேற வேலையே இல்லைங்களா?"

"அவன் மூலமா வர்றது ஒண்ணும் எனக்கு வேண்டாம்."

அவள் சட்னியைக் கொஞ்சம் வேகமாக ஊற்றினாள்.

ஜனவரி 28, ஞாயிறு

இருந்தாலும் போனேன். கூப்பிட்ட மரியாதைக்கு. ஜெகதீசன் காரில்தான் போனோம், வேறு வழியில்லை.

மாதிரி வீடு என்று ஒன்றை ஜோடித்து வைத்திருக்கிறார்கள். மேசைமேல் தட்டு நிறைய ஆப்பிள். தொட்டுப் பார்த்தேன், பிளாஸ்டிக். எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஆனால் நாலு ஏவுக்குள் காலை வைத்ததும் அந்த ஆறுதல் போய்விட்டது. சிமெண்ட் வாசம்கூட இன்னும் போகவில்லை, ஜன்னலுக்குக் கண்ணாடி போடவில்லை. அப்படியும் அந்த வீடு வா என்றது. பால்கனியில் நின்றால் மருதமலை. மூலையில் ஒரு சின்ன ரூம், இரண்டு பக்கமும் ஜன்னல். அந்த வெளிச்சத்தில் கறுப்புத் துணிக்குக் கறுப்பு நூல் கோக்கலாம், கண்ணாடி போடாமல்.

அங்கே நின்றுகொண்டு ஜெகதீசன் கேட்கிறான். "ஏங்ணா, இங்க தையல் மெஷின் போடறதுன்னா எந்தச் செவுரு தோது? பிளக் பாயிண்ட் எவ்வளவு ஒசரத்துல வெக்கச் சொல்லட்டும்?"

"இடக்கைப் பக்கம் வெளிச்சம் விழோணும். தரையில இருந்து ஒரு அடி போதும்" என்று வாய் சொல்லிவிட்டது. தொழில் புத்தி. அவன் உடனே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் செவுரில் பென்சிலால் குறிக்கச் சொன்னான். எனக்கு அப்புறம்தான் உறைத்தது. அவன் வீட்டில் யார் தைக்கிறார்கள்? அமுதாவுக்கு ஊசியில் நூல் கோக்கத் தெரியாது. இனிமேல் கற்றுக்கொண்டு அந்தச் சிட்டியில் இருக்கிற ஜாக்கெட்டையெல்லாம் அள்ளப்போகிறாளா? ஜாதிக்காரன், பங்காளி கெடுப்பதெல்லாம் பழைய கதை. சகலை கெடுப்பது புதுக்கதை.

ருக்மணி அந்த ரூமை விட்டு வெளியே வரவே இல்லை. செவுரைத் தடவிக்கொண்டே நின்றாள். தங்கச்சி வீட்டுக்கு இவ்வளவு பூரிப்பா?

பிப்ரவரி 6

கரண்ட் போய்த் திரும்ப வந்ததைக் கவனிக்கவில்லை. இஸ்திரிப்பெட்டி டேப்பின் முனைமேல் கிடந்து, நாலு இஞ்ச் சுருண்டு கருகிவிட்டது. கத்தரியால் வெட்டிப் போட்டேன். "புதுசு ஒண்ணு வாங்குனா என்னங்க" என்கிறாள் ருக்மணி. இது கடை திறந்த நாளில் வாங்கிய டேப், கைக்குப் பழகினது. பதினெட்டு காட்டினால் பதினாலு என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே. அவளும் இதே டேப்பை வைத்துத்தான் கொக்கிக்கு இடம் பார்க்கிறாள், இதுவரை ஒன்றுகூடக் கோணவில்லை.

பிப்ரவரி 9

ருக்மணி கையில் கண்ணாடி வளையல் மட்டும் கிடக்கிறது. தங்க வளையல் எங்கே என்றேன். கை சதை போட்டுவிட்டதாம், இறுக்குகிறதாம், கழற்றி வைத்திருக்கிறாளாம். எனக்குத் தெரிந்து அவள் இளைத்துத்தான் போயிருக்கிறாள்.

பிப்ரவரி 13

நூல் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறி வெண்முகில் சிட்டிக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று எழுதத் தெரியவில்லை. நாலு ஏ பூட்டியிருந்தது. கதவுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றேன். எதிரே நாலு பி. அதன் ஜன்னலில் தண்ணீர்த் தொட்டிதான் தெரியும், மலை தெரியாது.

கீழே ஆபீஸில் ஒரு பெண் ரிஜிஸ்டரைப் புரட்டிக்கொண்டிருந்தது. சும்மா விசாரித்தேன். "நாலு ஏ, நாலு பி ரெண்டும் ஜெகதீசன் சார்தாங்க வந்து புக் பண்ணுனாரு" என்றது.

இரண்டு வீடு! ஒன்று குடியிருக்க, ஒன்று வாடகைக்கு விட. ஊரில் மனுஷனுக்கு ஆனிக்குப் பிறகு தலைக்குமேல் கூரை இல்லை, இவனுக்கு எதிரெதிராக இரண்டு. தலைமுடியாவது நரைத்திருக்கிறதா பாவிக்கு? டை அடிக்கிறானோ என்று ஒரு நாள் பக்கத்தில் போய் உற்றுப் பார்த்தேன். டையும் இல்லை.

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. உட்காராமல் நின்றுகொண்டே வந்தேன். நூலும் வாங்கவில்லை.

பிப்ரவரி 15

சகுந்தலா டீச்சர் வீட்டில் வாசலுக்கு ஸ்கிரீன் தைக்க வேண்டுமாம். போய் அளந்துவிட்டு வந்தேன். ஏழு அடி. துணி பச்சை, நல்ல கனம்.

பிப்ரவரி 18, ஞாயிறு

இன்றைக்கு ஒரு காரியம் நடந்தது.

ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டுவிட்டார்கள் என்று எல்லோரையும் மறுபடி அழைத்துப் போனான். நாலு ஏயில் நின்றுகொண்டு, "நம்ம வீட்டுக்குக் களை வந்திருச்சுல்லீங்ணா?" என்றான். எனக்கு எரிச்சல் உச்சி முடி வரைக்கும் ஏறியது. எந்த வீட்டுக்கும் ஒரு குறை இருக்கும், தேடினால் கிடைக்கும் என்று தோன்றியது. பாக்கெட்டிலிருந்து டேப்பை எடுத்தேன். பஞ்சாங்கத்தின் கடைசிப் பக்கத்து மனையடி பலன் எனக்கு மனப்பாடம். எட்டடி பாக்கியம், பதினோரடி பால் சோறு, பன்னிரண்டடி செல்வம் குறையும்.

அந்த ஜன்னல் ரூமை அளந்தேன். செவுரிலிருந்து ஒரு டேப், சாக்குக்கட்டியால் கோடு. மறுபடி ஒரு டேப், கோடு. மூன்றாவது இருபத்து நாலில் முடிந்தது. அறுபது, அறுபது, இருபத்து நாலு. மொத்தம் நூற்று நாற்பத்து நாலு இஞ்ச்.

"பன்னண்டு அடி" என்றேன். குரலில் வருத்தம் காட்டினேன். "தப்பா நெனைக்காதீங்க. பன்னண்டு ஆகாதே. செல்வம் கொறையும்னு இருக்குது."

அமுதா நெஞ்சில் கை வைத்தாள். "ஐயோ, மாமா!" ஜெகதீசன் முகம் சுண்டிப்போய்விட்டது. ஆனால் அவன் அமுதாவைப் பார்க்கவில்லை, ருக்மணியைப் பார்த்தான். அவளை ஏன் பார்க்க வேண்டும்?

ருக்மணி கேட்டாள். "பன்னண்டுங்களா? நல்லாப் பாத்தீங்களா?"

"முப்பது வருசமா அளக்கறேன். என்ற டேப்பு பொய் சொல்லுமா?"

திரும்பி வரும்போது காரில் யாரும் பேசவில்லை. எனக்குத்தான் பாட்டுப் பாடலாம் போல இருந்தது.

பிப்ரவரி 19

ரொம்ப நாளைக்குப் பிறகு நல்ல பசி. நாலு தோசை.

பிப்ரவரி 22

கொக்கி வைத்துக்கொண்டே ருக்மணி மறுபடி கேட்டாள். "அந்த ரூமு நெசமாலுமே பன்னண்டுதானுங்களா?"

"பன்னண்டுதான் புள்ள. எத்தன தடவ கேப்பே?"

டேப்பை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் அளந்து அடுத்த கொக்கியை வைத்தாள். தங்கச்சிமேல் இருக்கிற பாசத்தில் பாதி என்மேல் இருந்தால் தேவலை.

மார்ச் 2

சகுந்தலா டீச்சர் கோபமாக வந்தார். ஸ்கிரீன் தரையில் புரள்கிறதாம். "வீட்டைக் கூட்டறதுக்குத் தனியா ஆள் வேண்டாம் போல இருக்குதுங்க தண்டபாணி." பிரித்துப் பார்த்தேன். எட்டு இஞ்ச் அதிகம். வெட்டும்போது மேசையில் பதித்திருக்கிற பித்தளை அளவுகோலில்தான் வெட்டினேன், அது தப்பாது. அப்படியானால் அவர் வீட்டில் அளந்ததுதான் தப்பு.

இரண்டு தடவை டேப் வைத்தேன். தடவைக்கு நாலு இஞ்ச். எட்டு.

கத்தரியைக் கீழே வைத்துவிட்டேன். ஜாக்கெட்டுக்குக் கை தானாகக் கழித்துக்கொள்கிறது, பெரிய அளவுக்குக் கழிக்க மறந்திருக்கிறேன். அந்த ரூமில் மூன்று தடவை வைத்தேன். மூநாலு பன்னிரண்டு இஞ்ச், ஒரு அடி. அந்த ரூம் பன்னிரண்டு இல்லை. பதினொன்று. பால் சோறு.

இரண்டு வீடு, மலை, வெளிச்சம், அதற்குமேல் பால் சோறும் அவனுக்கா?

சொல்லத்தான் வேண்டும். ஆனால் என்னை யாரும் கேட்கவில்லையே. கேட்டால் சொல்லலாம். டீச்சர் ஸ்கிரீனை வெட்டி மடித்துத் தைத்துக் கொடுத்தேன். ருக்மணி பக்கத்தில்தான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள், ஒன்றும் கேட்கவில்லை.

மார்ச் 3, ஞாயிறு

கேட்டாள்.

மத்தியானம் சாப்பிட்டு முடித்து, தட்டுகூட எடுக்கவில்லை. என் முகத்தை நேராகப் பார்த்து, "கடைசியாக் கேக்கறனுங்க. அந்த ரூமு பன்னண்டு அடியா?" என்றாள்.

பதினொன்று என்று சொல்ல வாயைத் திறந்தேன். அமுதா சிரிப்பதும், ஜெகதீசன் 'அட, நம்ம வீட்டுக்குக் கொறையே இல்லீங்ணா' என்பதும் கண்முன்னால் வந்தது.

"பன்னண்டுதான்" என்றேன்.

"செரிங்க" என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

மார்ச் 6

ருக்மணி காலையில் குளித்து நல்ல சேலை கட்டிக்கொண்டு எங்கேயோ போய்விட்டு மூன்று மணிக்கு வந்தாள். கோயிலுக்கு என்றாள். நெற்றியில் திருநீறு இல்லை. கேட்கவில்லை. ஜாக்கெட் ஒன்பது.

மார்ச் 11

தங்க வளையல் கைக்குத் திரும்ப வந்துவிட்டது. "இப்ப இறுக்கலையா?" என்றேன். "எளச்சுட்டனுங்க" என்றாள்.

மார்ச் 14

தெலுங்குபாளையத்தில் ஒரு வாடகை வீடு இருக்கிறது என்று அவளே விசாரித்து வந்திருக்கிறாள். வெண்முகில் சிட்டி பேச்சையே எடுப்பதில்லை. ஒரு வகையில் நிம்மதி. ஜெகதீசன் வீட்டிலிருந்தும் போன் இல்லை. என்ன செய்தான், வீட்டை விட்டானா, வைத்திருக்கிறானா? கேட்டால் அக்கறை மாதிரி ஆகிவிடும்.

மார்ச் 21

எப்படி எழுதுவது? நடந்தபடியே எழுதுகிறேன்.

காலை பதினோரு மணிக்கு ஜெகதீசன் கடைக்கு வந்தான். வழக்கமாகச் சிரித்துக்கொண்டு வருகிறவன், ஸ்டூலில் உட்கார்ந்து தரையில் கிடந்த துணித்துண்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணா, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுல்லங்ணா?"

"எத?"

"வீடு வேண்டாம்னு அண்ணி எழுதிக் குடுத்துட்டாங்களே. கடைக்குத் தூரம்னு சொன்னாங்க. தூரமுன்னா நாங் காரு எடுத்துட்டு வரமாட்டனா? எதுத்தெதுத்த வீடு, அக்காவும் தங்கச்சியும் கதவத் தொறந்து வெச்சுட்டுப் பேசிட்டு இருப்பாங்கன்னு..." அந்தத் துணித்துண்டை எடுத்து மடித்தான். "உங்க வீட்டுக்காரரு காலி பண்ணச் சொன்னப்பவே ரெண்டும் சொல்லி வெச்சது. நாளான்னிக்கு உங்க கல்யாண நாள்ல சாவியக் குடுக்கற மாதிரி வெச்சிருந்தோம். அண்ணிதான் அதுவரைக்கும் சொல்ல வேண்டாம்னாங்க."

"எந்த வீடு?" என்றேன். எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் கேட்டேன்.

"என்னங்ணா இப்புடிக் கேக்கறீங்க? நாலு ஏ. நம்ம வீடு."

அவன் வீடு நாலு பி. தண்ணீர்த் தொட்டி பார்க்கிற வீடு. மலை தெரிகிறதை எங்களுக்கு எழுதிவைத்துவிட்டு, தொட்டி தெரிகிறதை அவன் எடுத்துக்கொண்டிருக்கிறான். தையல் மெஷினுக்கு பிளக் பாயிண்ட் எந்த உயரத்தில் வேண்டும் என்று அவன் கேட்டது என் மெஷினுக்கு.

கடையைப் பாதியில் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனேன். ருக்மணி வெயில் விழுகிற இடத்தில் உட்கார்ந்து கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

"வளையல அடகு வெச்சா முன்பணம் கட்டினே?"

"ஆமாங்க."

"எங்கிட்டச் சொல்லாம?"

"அவன் மூலமா வர்றது எதுவும் வேண்டாம்னீங்களே. மொதல்ல வீட்டப் பாத்து உங்க மனசுக்குப் புடிக்கட்டும், அப்பறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன். புடிச்சுது. அந்த ரூமுல நீங்க நின்ன நெலையப் பாத்தனே."

நான் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டேன். சொல்லிவிட்டேன். "ருக்கு, அது பன்னண்டு இல்ல. பதினொண்ணு. டேப்புல நாலு இஞ்ச் இல்லாததக் கழிக்க மறந்துட்டேன்."

அவள் ஊசியை நிறுத்தவில்லை. "தெரியுமுங்க."

"தெரியுமா?"

"தெனமும் இந்த டேப்பத்தான தொடறேன்? அன்னைக்கு நீங்க கோடு போட்டுப் போட்டு வெக்கறப்பவே மனசுக்குள்ள கழிச்சுட்டேன். பதினொண்ணுன்னு அப்பவே தெரியும்."

"பின்ன எதுக்குடி வேண்டாம்னு எழுதிக் குடுத்தே?"

அப்போதுதான் ஊசியை ஜாக்கெட்டில் குத்தி வைத்தாள். "மொதத் தடவ கேட்டேன். மறந்துட்டீங்கன்னு நெனச்சேன். ரெண்டாந் தடவயும் அப்படித்தான் நெனச்சேன். அப்பறம் டீச்சர் ஸ்கிரீன் வந்துது. நீங்க கத்தரியக் கீழ வெச்சுட்டு வெரல மடக்கிக் கணக்குப் போட்டதப் பாத்தேன். இனித் தானாச் சொல்லுவாருன்னு அன்னைக்குப் பூராவும் காத்திருந்தேன். மறுநாளு நானே கேட்டேன். அன்னைக்கும் பன்னண்டுன்னீங்க."

நான் தரையில் கிடந்த கொக்கி ஒன்றை எடுத்து டப்பாவில் போட்டேன்.

"அது என்ற தங்கச்சி வீடுன்னு நெனச்சுத்தான சொன்னீங்க? அவ பயந்துட்டுக் கெடக்கட்டும், வீட்ட விட்டுட்டுப் போகட்டும்னுதான? எதுத்த வீட்டுல போயி உக்காந்தா, தெனமும் கதவத் தொறந்தா அவிய மூஞ்சி. அவிய ஒரு புது டிவி வாங்குனாக்கூட நீங்க வெந்து சாவீங்க. நான் அதப் பாத்துட்டே சோறு பொங்கோணும். என்னால ஆகாதுங்க. வீட்டுல ஒரு கொறையும் இல்ல."

ஜாக்கெட்டை மடியில் திருப்பிப் போட்டுக்கொண்டு, "அவியளுக்கு இது தெரிய வேண்டாம். தூரம்னே இருக்கட்டும்" என்றாள். ஊசியை எடுத்துக்கொண்டாள்.

மார்ச் 22

ஜாக்கெட் ஆறு.

மார்ச் 23

கல்யாண நாள். பாயசம் வைத்தாள். இருவரும் சாப்பிட்டோம்.

மார்ச் 27

வெண்முகில் சிட்டி ஆபீஸுக்குப் போனேன். அதே பெண். "நாலு ஏ போயிருச்சுங்களே சார். திருப்பூர்க்காரங்க, வந்த அன்னைக்கே முடிச்சுட்டாங்க. பின்பக்க பிளாக்ல ஒண்ணு இருக்குது, பாக்கறீங்களா?" பார்த்தேன். சின்ன ஜன்னல், எதிரே அடுத்த பிளாக்கின் செவுரு. ருக்மணியிடம் சொன்னேன். "அதே கேட்டுக்குள்ளதானுங்க" என்றாள். அவ்வளவுதான். கேட் ஒன்றுதானே, அவன் காரும் அதே வழியாகத்தான் வரும் போகும் என்பது எனக்கும் புரிந்தது. வேண்டாம் என்று முடிவாயிற்று.

ஜூலை 7, ஞாயிறு

தெலுங்குபாளையத்துக்கு வந்தாயிற்று. ஐந்தாவது வாடகை வீடு. மெஷின் போட்ட இடத்தில் பகலிலும் டியூப்லைட் வேண்டும். சாமான் ஏற்ற ஜெகதீசன்தான் ஆள் கூட்டிவந்தான், அவனும் சேர்ந்து தூக்கினான். பீரோவைத் தூக்கும்போது அவன் காலில் இடித்து நகம் பெயர்ந்துவிட்டது. நான்தான் தண்ணீர் ஊற்றிக் கழுவிக் கட்டுப் போட்டேன். "விடுங்ணா, நம்ம வீட்டு வேலதான" என்றான். என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நல்லவனாக இருப்பதிலும் அவனே முன்னால் போய் நின்றால் மற்றவன் எங்கே போய் நிற்பது?

செப்டம்பர் 5

நாலு பியில் பால் காய்ச்சினார்கள். மூத்த மாப்பிள்ளை என்று என்னை முன்னால் நிறுத்தினார்கள். நின்றேன்.

பால் பொங்கி முடிந்ததும் அமுதா பக்கத்தில் வந்தாள். "மாமா, ஒண்ணு கேட்டாத் தப்பா நெனைக்காதீங்க. எங்க ரூமெல்லாம் ஒருக்கா அளந்து பாத்துச் சொல்லுங்களேன். அன்னைக்கு நீங்க சொன்னதுல இருந்து எனக்கு மனசே செரியில்ல."

ஆறு மாதமாக அந்தப் பெண் பயந்துகொண்டு இருந்திருக்கிறாள். ருக்மணி பையிலிருந்து ஒரு டேப்பை எடுத்து நீட்டினாள். புதுசு. மஞ்சள், முனையில் தகடு வைத்தது. நான் வாங்கவில்லை, அவள் வாங்கியிருக்கிறாள்.

சின்ன ரூமுக்குள் போனோம். நாலு ஏயின் ரூம் மாதிரியே, ஆனால் ஜன்னல் தொட்டியைப் பார்த்து. டேப்பின் ஒரு முனையை ருக்மணி செவுரோடு வைத்துப் பிடித்துக்கொண்டாள். "மொதல்ல இருந்து வெச்சு அளங்க" என்றாள்.

மொதல்ல இருந்து வைத்தேன். அறுபது, அறுபது, பன்னிரண்டு. "பதினோரு அடி" என்றேன். "பால் சோறு."

"அப்ப அக்கா பாத்த அந்த வீடு?" என்றாள் அமுதா. "ரெண்டும் ஒரே மாதிரித்தானுங்களே மாமா?"

ரூமில் எல்லோரும் இருந்தார்கள். ஜெகதீசன் பால் டம்ளரோடு வாசலில் நின்றான். ருக்மணி டேப்பின் முனையை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தாள், என்னைப் பார்க்கவில்லை.

"அதுவும் பதினொண்ணுதான் அமுதா. அன்னைக்கு நான்தான் தப்பா அளந்தேன். அப்பறம் தெரிஞ்சுது. தெரிஞ்சும் சொல்லல."

ஜெகதீசன் என்னையே பார்த்தான். ஏன் சொல்லவில்லை என்று கேட்கப்போகிறான் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பாலு ஆறுதுங்ணா" என்று டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டான். 'நம்ம வீடு' என்று இன்றைக்கு அவன் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

கிளம்பும்போது எதிர்வீட்டுக் கதவு திறந்திருந்தது. திருப்பூர்க்காரர்கள் குடிவந்துவிட்டார்கள். நேராக அந்த ஜன்னல் ரூம் தெரிந்தது. அவ்வளவு வெளிச்சத்தில் பழைய அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். இடக்கைப் பக்கத்துச் செவுரில் தரையிலிருந்து ஒரு அடியில் பிளக் பாயிண்ட். அதில் யாரோ செல்போனைச் சொருகித் தரையில் வைத்திருந்தார்கள்.

எனக்குப் பொறாமை. எழுதிவிட்டேன்.

ருக்மணி படியில் நின்றுகொண்டு, "வாங்க, பஸ்ஸு போயிரும்" என்றாள்.